மண்ணில் ஓடும் ஆர்சி காரின் மூட்டுகளுக்கு எவ்வளவு கிரீஸ்?

கேள்வி: என்னிடம் 1/10 அளவில் நான்கு சக்கரமும் இயங்கும் ஆர்சி (ரிமோட்டில் ஓடும்) பக்கி ஒன்று இருக்கிறது. மண்தரையில்தான் ஓட்டுவேன். முன்பக்க டிரைவ் ஷாஃப்ட்டில் கிறீச்சென்று சத்தம் வந்ததால், பைக் செயினுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை எல்லா மூட்டுகளிலும் நனைய நனைய அடித்தேன். இரண்டு நாள் சத்தமே இல்லை. மூன்று வாரம் கழித்துக் கழற்றிப் பார்த்தால் சிவிடி (ஷாஃப்ட்டின் சக்கரப் பக்க மூட்டு) பின்னின் இரண்டு முனைகளும் இளைத்திருக்கின்றன, டிஃப் கப்பிலும் (டிஃபரன்ஷியலில் ஷாஃப்ட்டின் முனை உட்காரும் கிண்ணம்) பள்ளம் விழுந்திருக்கிறது. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் கடகடவென்ற அதிர்வும் போகவில்லை. கிரீஸ் போதவில்லையா, இல்லை வேறு கிரீஸ் போட வேண்டுமா?

பதில்: போதாமல் இல்லை, கூடிப்போய்விட்டது. செயின் ஸ்ப்ரே ஒட்டிக்கொள்வதற்கென்றே செய்யப்பட்டது. வேகமாகச் சுற்றும் செயினிலிருந்து தெறிக்காமல் இருக்க அந்தப் பிசுபிசுப்பு தேவை. உங்கள் பக்கியில் அந்தப் பிசுபிசுப்பில் மணல் வந்து உட்கார்ந்துவிட்டது. மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். 1 முதல் 10 வரையிலான மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் அது 7. பதப்படுத்திய எஃகுப் பின்னையே கீறக்கூடியது. கிரீஸோடு சேர்ந்த மணல், வால்வை உட்கார வைக்க மெக்கானிக் தேய்க்கும் பசை மாதிரி வேலை செய்யும். சத்தம் இல்லாமல் அரைக்கும், அவ்வளவுதான்.

ஷாஃப்ட்டின் இரண்டு முனைகளையும் ஒரே மாதிரி நினைத்ததில்தான் தவறு தொடங்கியது. உள்முனை, அதாவது டிஃப் பக்கம், டாக்போன் (எலும்பு வடிவ முனை). அதன் குறுக்குப் பின், டிஃப் கப்பின் பிளவுக்குள் திறந்தபடி கிடக்கிறது; சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போதெல்லாம் உள்ளே வெளியே சறுக்குகிறது. மண்ணில் ஓடும் காருக்கு இந்த இடத்தில் நான் எதுவுமே போடுவதில்லை. காய்ந்திருந்தால் மணல் விழுந்த வேகத்தில் வெளியேறிவிடும். மனசு கேட்கவில்லை என்றால், காய்ந்த பிறகு ஒட்டாத கிராஃபைட் அல்லது டெஃப்லான் உலர் மசகு போடலாம். தூசியில்லாத கார்ப்பெட் தளத்தில் மட்டும் ஓடும் கார் என்றால் இங்கே கிரீஸ் மெல்லியதாகத் தடவுவதில் தப்பில்லை.

வெளிமுனை, சக்கரத்தின் பக்கம், சிவிடி. இங்கே உரசும் இடங்கள் இரண்டு: ஷாஃப்ட்டின் உருண்டைத் தலைக்குள் திரும்பும் சிறு உருளை, ஆக்ஸில் கப்பின் துளைகளில் திரும்பும் குறுக்குப் பின். இரண்டும் ஓரளவு மறைவானவை, இரண்டும் சுமை தாங்குபவை. இங்கே கிரீஸ் வேண்டும். மாலிப்டினம் கலந்த கறுப்பு கிரீஸ் நல்லது. எண்ணெய் பிழிந்து வெளியேறினாலும் அந்தக் கறுப்புத் துகள்கள் உலோகப் பரப்பிலேயே தங்கும். அளவு? எள்ளளவு போதும், மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

எப்படிப் போடுவது என்றால், ஆக்ஸிலைப் பேரிங்கிலிருந்து முழுக்க உருவிவிடுங்கள். கழற்றாமல் கிளீனர் ஸ்ப்ரே அடித்தால் அது பக்கத்துப் பேரிங்குக்குள் போய் அதிலுள்ள கிரீஸைக் கரைத்துவிடும். மூட்டு பிழைக்கும், பேரிங் போகும். உருளையிலுள்ள குட்டி க்ரப் ஸ்க்ரூவை (தலையில்லாத திருகு) தளர்த்திப் பின்னைத் தள்ளி எடுங்கள். அடம் பிடித்தால் சாலிடரிங் அயர்னால் ஸ்க்ரூவைச் சூடாக்கினால் பழைய த்ரெட்லாக் (திருகு கழலாமல் பிடிக்கும் பசை) இளகும். எல்லாவற்றையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் கழுவுங்கள். பின் இளைத்திருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். இளைத்த பின்னில் எந்த கிரீஸும் ஆட்டத்தை நிறுத்தாது.

இனி வரிசை முக்கியம். க்ரப் ஸ்க்ரூவின் மரையும் அது போகும் துளையும் ஆல்கஹாலில் சுத்தமாக இருக்கும்போதே, கிரீஸ் கைக்கு வரும் முன்பு, ஸ்க்ரூவில் நீல நிற த்ரெட்லாக் ஒரு புள்ளி வைத்துத் தயாராக வையுங்கள். அப்புறம் உருளையின் வெளிப்பக்கத்திலும் பின்னின் முனைகளிலும் கிரீஸ். பின்னில் தட்டையான பகுதி இருந்தால் அது ஸ்க்ரூவுக்கு நேராக வர வேண்டும். இறுக்கியபின் மூட்டை எல்லாப் பக்கமும் மடக்கிப் பாருங்கள், வெளியே பிதுங்குவதைத் துணியால் துடையுங்கள். பார்த்தால் கிரீஸ் போட்ட மாதிரியே தெரியக் கூடாது.

இந்த வரிசையை நான் கற்றது பட்டுத்தான். ஒரு தடவை கிரீஸ் விரலோடு ஸ்க்ரூவைப் பிடித்து, அதன்மேல் த்ரெட்லாக்கும் விட்டேன். எண்ணெய்ப் பசை இருந்த மரையில் அது பிடிக்கவே இல்லை. ஓட்டத்தின் நடுவில் ஸ்க்ரூ கழன்று, குறுக்குப் பின் பாதி வெளியே வந்து, சக்கரம் தாங்கும் பிளாஸ்டிக்கை உள்ளிருந்து வட்டமாகக் கடைந்துவிட்டது. இடம் இருந்தால் ஆக்ஸில் கப்பைச் சுற்றி ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் (சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் குழாய்) ஒரு துண்டு போட்டுவிடுங்கள். ஸ்க்ரூ ஏமாற்றினாலும் பின் வெளியே வராது, தூசியும் குறையும். ஆக்ஸில் பேரிங்கில் முட்டாத அளவுக்கு வெட்டுங்கள்.

சரி, அந்தக் கடகட அதிர்வு. அது மசகு எண்ணெய்ப் பிரச்சினையே இல்லை. சிவிடி (கான்ஸ்டன்ட் வெலாசிட்டி டிரைவ், அதாவது சீரான வேக இயக்கம்) என்று பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, அது சீரான வேகம் தரும் மூட்டு கிடையாது. ஒற்றைக் குறுக்கு மூட்டுதான். மடங்கிய நிலையில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை சக்கரம் முந்தும், இரண்டு முறை பிந்தும். 30 டிகிரி மடங்கினால் சுமார் 15 சதவீதம் முந்தி, 13 சதவீதம் பிந்தும். அதுதான் உங்கள் கைக்குத் தெரிகிற நடுக்கம். புதுப் பின் போட்டால் ஆட்டம் குறைந்து சத்தமும் கொஞ்சம் அடங்கும். மற்றபடி டிரான்ஸ்மிட்டரில் ஸ்டியரிங் எல்லையைச் சற்றுக் குறைக்கலாம், அல்லது உங்கள் காருக்குக் கிடைத்தால் இரட்டை மூட்டு ஷாஃப்ட்டுக்கு மாறலாம். அதில் ஒரு மூட்டின் ஏற்றத்தாழ்வை இன்னொன்று பெரும்பாலும் சரிக்கட்டிவிடும்.

பள்ளம் விழுந்த டிஃப் கப்பை உடனே தூக்கிப் போட வேண்டாம். கியர் டிஃப்பாக இருந்து, இரண்டு கப்பும் ஒரே மாதிரி இருந்தால், இடதை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிப் போடுங்கள். முன்னோக்கி ஓடும்போது இதுவரை தேயாத முகம் சுமையை வாங்கும். பள்ளம் ஆழமாகி, குறுக்குப் பின் அதில் சிக்கினால் சஸ்பென்ஷன் இறுகும். அப்போது மாற்றித்தான் ஆக வேண்டும்.

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பிரஷால் தட்டுங்கள். 10, 12 பேட்டரி சார்ஜுக்கு ஒருமுறை சிவிடியைத் திறந்தால் போதும். ஈரத்தில் ஓட்டியிருந்தால் அன்றைக்கே. டபிள்யூடி-40 அதற்குத்தான்: நீரை விலக்குவதற்காக உருவானது, பெயரிலுள்ள 40 அது கைகூடிய நாற்பதாவது முயற்சியைக் குறிக்கிறது. துருவைத் தடுக்க அடித்துத் துடைத்துவிடலாம். மூட்டுக்கு நிரந்தர மசகாக அது நிற்காது, இருக்கும் கிரீஸையும் கழுவிவிடும். ஆகவே அதன் பிறகு மறுபடி சுத்தம் செய்து கிரீஸ் போட வேண்டும்.

மீதமிருக்கும் கறுப்பு கிரீஸை வேறெங்கும் தடவ வேண்டாம். உங்களுடையது பால் டிஃப் (பற்சக்கரங்களுக்குப் பதில் குண்டுகளால் இயங்கும் டிஃப்) என்றால் அதன் த்ரஸ்ட் பேரிங்குக்கு (இறுக்கும் அழுத்தத்தைத் தாங்கும் பேரிங்) மட்டும் அது பொருந்தும். வளையங்களுக்கு நடுவிலுள்ள டிஃப் குண்டுகளுக்குத் தெளிவான சிலிகான் டிஃப் கிரீஸ்தான். அங்கே கறுப்பு பட்டால் டிஃப் வழுக்கும், எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது.