மூன்று வயதுக் குழந்தையோடும் எழுபது கடந்த பெற்றோரோடும் மியூர் உட்ஸ் காட்டில் நடக்க முடியுமா?

தாராளமாக முடியும். சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே உள்ள இந்தக் காட்டின் முதன்மைப் பாதை ஏறக்குறையச் சமதளமாகவே செல்கிறது. மரப்பலகை பாவியும் தார் போட்டும் இருப்பதால் ஸ்ட்ரோலரும் சக்கர நாற்காலியும் சிரமமின்றி உருளும். வழியில் ஓடையின் மேலுள்ள மூன்றாம் பாலம் வரை போய்த் திரும்ப ஏறக்குறைய ஒரு மைல்தான். நான்காம் பாலம் வரையென்றால் அது இரண்டு மைலாகிவிடும். மூன்று வயதுக் குழந்தைக்கு அது வேண்டாம் என்பதே என் கருத்து. சரிவில் ஏறிச் செல்லும் கிளைப்பாதைகளையும் இம்முறை விட்டுவிடுங்கள்.

2018 முதல் வண்டி நிறுத்துவதற்கு முன்பதிவு கட்டாயம். காட்டுக்குள் கைப்பேசிச் சமிக்ஞை கிடைக்காது என்பதால், பதிவுச் சீட்டை வீட்டிலேயே தரவிறக்கிக்கொள்ளுங்கள்.

இங்குள்ள ரெட்வுட் மரங்களில் உயரமானது 258 அடி. பல மரங்களுக்கு வயது 600 முதல் 800 ஆண்டுகள். ஆனால் கழுத்து வலிக்கும் வரைதான் உயரம் சுவாரசியமாக இருக்கும்; குழந்தைக்கு வேடிக்கை தரைமட்டத்தில்தான் இருக்கிறது. பாதையோரம் நம்மூர்ப் புளியாரையின் உறவான ஒரு செடி கம்பளமாகப் படர்ந்திருக்கும். நிழலில் விரிந்து கிடக்கும் அதன் மூவிலைகள், மரங்களின் இடைவெளியில் வெயில் நேராக இறங்கியதும், மடக்கிய குடைபோலச் சில நிமிடங்களில் கீழ்நோக்கித் தொங்கிவிடும். ஈரமான நாளென்றால் விரல் நீளத்துக்கும் அதிகமான மஞ்சள் நிற ஓடில்லா நத்தை கண்ணில் படலாம். ரெட்வுட் மரங்கள் சில இடங்களில் வட்டமாக நிற்பதைப் பெற்றோருக்குக் காட்டுங்கள்: நடுவிலிருந்த தாய்மரம் தீயிலோ வேறு காரணத்தாலோ அழிந்தபோது, அதன் அடியிலிருந்து துளிர்த்த கன்றுகளே இன்று பெருமரங்களாக அதைச் சூழ்ந்து நிற்கின்றன. இம்மரங்களின் வேர்கள் ஆழமாகப் போவதில்லை. மண் மிதிபட்டு இறுகினால் அவை பாதிக்கப்படும் என்பதால், படம் எடுப்பதற்காகக்கூட வேலியைத் தாண்ட வேண்டாம்.

அப்பாவுக்கு வரலாற்றில் ஆர்வமிருந்தால் ஒரு செய்தி சொல்லலாம். ஓடையை அணைகட்டித் தேக்க ஒரு தண்ணீர் நிறுவனம் இந்நிலத்தைக் கேட்டு வழக்குத் தொடுத்தபோது, அதன் உரிமையாளர்களான வில்லியம் கென்ட் தம்பதியர் 295 ஏக்கரைக் கூட்டாட்சி அரசுக்கே கொடையாக அளித்துவிட்டனர். 1908 ஜனவரியில் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அதைத் தேசிய நினைவுச்சின்னமாக, அதாவது அரசு பாதுகாக்கும் இடமாக, அறிவித்தார். தம் பெயரைச் சூட்ட முன்வந்ததை மறுத்து, இயற்கைப் பாதுகாப்புக்காகப் போராடிய எழுத்தாளர் ஜான் மியூரின் பெயரே நிலைக்கட்டும் என்று கென்ட் சொல்லிவிட்டார்.

கோடையிலும் மரநிழலில் குளிரும் என்பதால் எல்லோருக்கும் ஸ்வெட்டர் எடுத்துச் செல்லுங்கள். காட்டுக்குள் அமர்ந்து சாப்பிட அனுமதியில்லை. ஆகவே குழந்தைக்கு உணவு கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். கூட்டம் சேர்வதற்கு முன், வார நாளின் காலை நேரத்தில் போவது நல்லது.