ஐந்தடுக்குக் கேக்கிற்குப் பதிலாக என்ன வைக்கலாம்?

கேள்வி: மகளின் திருமண வரவேற்பு விருந்துக்கு 500 பேரை அழைத்திருக்கிறோம். ஐந்தடுக்குக் கேக்கிற்கு 2,800 வெள்ளி கேட்கிறார்கள். சம்பந்தி வீட்டார் முட்டைகூடத் தொடாதவர்கள். வேறு இனிப்பு வைத்தால் குறையாகத் தெரியுமா? வாங்கும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?
- வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: குறை சொல்பவர்கள் பிரியாணியில் உப்பு என்றும் சொல்வார்கள் அம்மா, அவர்களை விடுங்கள். முதலில் அந்தக் கேக் கடைக்காரரிடம் ஐந்தடுக்கில் எத்தனை அடுக்கு உண்மையான கேக் என்று கேளுங்கள். பெரிய அலங்காரக் கேக்குகள் பலவற்றில் கீழடுக்குகள் ஸ்டைரோஃபோம்தான். மேலே சர்க்கரைப் பசையைப் போர்த்தியிருப்பார்கள். சொல்லி விற்றால் அதில் தவறில்லை. ஆனால் 500 பேருக்கும் துண்டு கிடைக்கும் என்று நம்பிப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

படத்துக்கு ஒன்று, பந்திக்கு ஒன்று என்று பிரித்துவிடுவதே என் யோசனை. மேடையில் வெட்ட முட்டையில்லாத சிறிய கேக் ஒன்று போதும். கேக்கே வேண்டாம் என்றால் லட்டுக் கோபுரம் வைக்கலாம். பிரான்சில் கிரீம் உருண்டைகளைச் சர்க்கரைப் பாகால் ஒட்டிக் கோபுரமாக அடுக்கித் திருமணத்தில் வைக்கிறார்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அந்தப் பாகு கசிந்துவிடும். லட்டுக்கு அந்தக் கவலை இல்லை. மோத்திசூர் லட்டு மட்டும் வேண்டாம். மேல் பாரம் தாங்காமல் அடிவரிசை நசுங்கும். கெட்டிப் பாகில் பிடித்த பூந்தி லட்டாகக் கேளுங்கள், அதையும் தட்டுத் தட்டாக அமைந்த தாங்கியில் அடுக்கச் சொல்லுங்கள்.

லட்டைக் கிலோ கணக்கில் விற்பார்கள். உங்களுக்கு வேண்டியதோ எண்ணிக்கை. ஒரு லட்டு 40 கிராம் என்றால் கிலோவுக்கு 25, ஐந்நூறு பேருக்கு 20 கிலோ. அதையே 60 கிராமாகப் பிடித்தால் 30 கிலோ ஆகிவிடும். பிரிக்ஃபீல்ட்ஸிலோ மஸ்ஜித் இந்தியாவிலோ விலை விசாரிக்கும்போது, ஒன்றின் எடையைத் தராசில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பெட்டியோடு சேர்த்து நிறுக்கிறார்களா என்பதையும் பாருங்கள்.

மலாய்ப் பலகாரங்களும் நல்ல தேர்வுதான், ஆனால் சம்பந்தி வீட்டாரை நினைத்துத் தேர்ந்தெடுங்கள். ஆவியில் வேகவைக்கும் குவே லாப்பிஸ், குவே தாலாம், கொதிநீரில் வேகவைக்கும் ஒண்டே ஒண்டே ஆகியவற்றில் வழக்கமாக முட்டை இல்லை. ஸ்ரீ மூக்காவின் பச்சை அடுக்கில் முட்டை உண்டு. சரவாக் லாப்பிஸ் கேக்கோ முட்டையாலேயே எழும்புவது. ஒண்டே ஒண்டேயை அன்றன்றே செய்து தரச் சொல்லுங்கள். குளிர்பெட்டியில் வைத்தால் ரப்பர்போல் இறுகிவிடும்.

சிறு கிண்ணங்களில் வரும் மூஸ், புட்டிங் வகைகளில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அவற்றைக் கெட்டிப்படுத்தப் பெரும்பாலும் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் சேர்ப்பார்கள். ஜாக்கிம் (மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறை) ஹலால் முத்திரை இருந்தால் பன்றி ஜெலட்டின் இல்லை என்று நம்பலாம். மாட்டு ஜெலட்டின் இல்லை என்பதற்கு அது சான்றாகாது. அகார் அகார் கடற்பாசியிலிருந்து வருவது, ஆகவே அதில் செய்ததா என்று கேட்டு, பதிலை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

சுடச்சுட ஜிலேபி பிழிந்து தரும் அடுப்புக்கும், செண்டோல் வண்டிக்கும் கூட்டம் தானாகக் கூடும். மண்டபத்துக்குள் கேஸ் அடுப்பு மூட்ட அனுமதி உண்டா என்பதை முன்பே கேளுங்கள். செண்டோலுக்குத் தேங்காய்ப்பாலை அன்றைக்கே பிழிந்து ஐஸில் வைத்திருக்க வேண்டும். காலையில் பிழிந்து வெளியில் வைத்த பால் இரவு விருந்துக்கு ஆகாது. ஒருவரே ஐஸ் சீவி, அவரே ஊற்றினால் 500 பேருக்கு விடிந்துவிடும், இரண்டு ஆளாவது வேண்டும்.

மண்டபத்தார் வெளியிலிருந்து வரும் உணவுக்குத் தனிக் கட்டணம் கேட்கிறார்களா என்று ஒப்பந்தத்தைப் படியுங்கள். அவர்களுடைய உணவுப் பட்டியலிலேயே ஓர் இனிப்பு இருந்தால், அதை நீக்கி விலையைக் குறைக்கச் சொல்லவும் தயங்காதீர்கள்.

கேள்வி: வீட்டிலிருந்து கேக் செய்து விற்பவரிடம் எங்கள் திருமணக் கேக்குக்காக வாட்ஸ்அப் வழி முன்பணம் கட்டினேன். வந்தது படத்தில் இருந்ததுபோல் இல்லை. பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார். வழக்கறிஞரைப் பார்க்க வேண்டுமா?
- வாசகர், பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: வேண்டாம். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் (திரிபுனல் துந்துத்தான் பெங்குனா) நீங்களே மனுச் செய்யலாம். கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். பிரச்சினை எழுந்த மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். வீட்டிலிருந்து விற்றாலும் அவர் வியாபாரிதான். அவருடைய பெயரும் முகவரியும், வாட்ஸ்அப் உரையாடலும், வங்கி ரசீதும், வெட்டுவதற்கு முன் எடுத்த படமும் தேவைப்படும். படம் இல்லையென்றால் உங்கள் திருமணப் புகைப்படக்காரரிடம் கேளுங்கள், அவரிடம் இருக்கக்கூடும்.