உறைகுளிரில் எரிவாயுவின் ஈரத்தைக் கணக்கிடுவது எப்படி? – கேள்வி பதில்

கேள்வி: எரிவாயு எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்று காட்டும், 1958-இல் வந்த மெக்கெட்டா–வேஹே வரைபடத்தில் மைனஸ் 40 டிகிரி செல்சியஸுக்கும் கோடு இருக்கிறது. அதைப் பார்த்தே ஈரத்தைச் சொல்லிவிடலாமே?

பதில்: சொல்லலாம், ஆனால் அது எதன் அளவு என்று தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கோடுகள், வாயு திரவ நீரோடு சமநிலையில் இருப்பதாக வைத்து வரைந்தவை. மைனஸ் 40-இல் திரவ நீர் என்றால் உறைய வேண்டியது உறையாமல் நிற்கிறது என்று பொருள். குழாய்க்குள் அந்த நிலை நீடிக்காது. பனிக்கட்டியாகும், அழுத்தம் அதிகமென்றால் ஹைட்ரேட் (நீர் மூலக்கூறுகள் வாயுவைக் கூண்டுபோல் அடைத்து உருவாகும், பனிக்கட்டி போன்ற திடப்பொருள்) ஆகும். 70 பாரில் (வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 70 மடங்கு) தூய மீத்தேனுக்கே பூஜ்யத்துக்கு மேல் 9, 10 டிகிரியில் ஹைட்ரேட் கட்டத் தொடங்கிவிடும். ஈத்தேன், புரொப்பேன் கலந்திருந்தால் இன்னும் முன்பே.

ஹைட்ரேட்டோடு சமநிலையில் வாயு தாங்கும் ஈரம், வரைபடம் காட்டுவதைவிடக் குறைவு. வரைபடத்தை நம்பி "இவ்வளவு ஈரம் இருக்கலாம்" என்று உலர்த்தியை வடிவமைத்தால், திரவ நீர் ஒரு சொட்டும் பிரியாமலே வால்வில் ஹைட்ரேட் அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: வித்தியாசம் அவ்வளவு பெரிதா?

பதில்: ஆவியழுத்தத்தை, அதாவது பனிக்கட்டியோ நீரோ தன்மேல் நிற்கும் நீராவிக்குத் தரும் அழுத்தத்தை, பாருங்கள். மைனஸ் 20-இல் பனிக்கட்டிக்கு 103 பாஸ்கல், உறையாத நீருக்கு 125. மைனஸ் 40-இல் 13, 19. கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு! ஹைட்ரேட் நிலைக்கும் இடத்தில் ஈரம் பனிக்கட்டிக்குரிய அளவையும்விட இறங்கும்.

கேள்வி: ஆவியழுத்தத்தை மொத்த அழுத்தத்தால் வகுத்தால் போதாதா?

பதில்: வளிமண்டல அழுத்தத்தில் போதும். மைனஸ் 40-இல் பனிக்கட்டிக்கு, கன அளவில் சுமார் 127 பிபிஎம் (பத்து லட்சத்தில் 127 பங்கு) வரும். 70 பாரில் அந்தக் கணக்கு பொய் சொல்லும், ஏனென்றால் நெருக்கமான மீத்தேன் கூடுதல் நீரைத் தன்னுள் வைத்துக்கொள்ளும். புக்காசெக் 1955-இல் தந்த சூத்திரத்தில், அழுத்தத்தால் வகுக்கும் பகுதியோடு அழுத்தத்தைச் சாராமல் வெப்பநிலையை மட்டும் பொறுத்த ஓர் எண்ணைத் தனியாகக் கூட்டுவது இதற்காகத்தான். குளிர் கூடக் கூட, உயர் அழுத்தத்தில் அந்த எண்ணே பெரிய பங்காகிவிடும். அதுவும் திரவ நீரை வைத்த கணக்குதான், மறக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் கருவி பனிநிலை (குளிர்விக்கும்போது ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை) மைனஸ் 40 என்கிறது. ஈரம் எவ்வளவு?

பதில்: எந்த அழுத்தத்தில் அளந்தது? கருவிக்குள் குளிர்விக்கும் கண்ணாடியில் படிந்தது நீரா, பனிக்கட்டியா? இந்த இரண்டும் தெரியாமல் பதில் கிடையாது. பனிநிலையை ஈர அளவாக மாற்றுவதற்கு ஐஎஸ்ஓ 18453 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. அது நன்கு சரிபார்க்கப்பட்ட வரம்பு மைனஸ் 15 முதல் 5 டிகிரி வரைதான்.

கேள்வி: எல்என்ஜி (திரவமாக்கிய இயற்கை எரிவாயு) ஆலையில்?

பதில்: அங்கே மைனஸ் 162 வரை போகிறார்கள். அதனால் மூலக்கூறு சல்லடையால் (நீரை உறிஞ்சும் நுண்துளைப் பொருள்) ஈரத்தை 1 பிபிஎம்முக்குக் கீழே இறக்கிவிடுவார்கள்.

கேள்வி: சோதனைத் தரவு ஏன் இவ்வளவு குறைவு?

பதில்: ஹைட்ரேட் சமநிலைக்கு வர நாள்கணக்கில் ஆகும். போதாததற்கு, அந்தத் துளி ஈரத்தை எஃகுச் சுவரே உறிஞ்சிக்கொள்ளும்.

கேள்வி: நீங்களாக இருந்தால் எதைப் பயன்படுத்துவீர்கள்?

பதில்: ஹைட்ரேட் எப்போது நிலைக்கும் என்று கணக்கிடும் வான்டர்வால்ஸ்–பிளாட்டீயூ மாதிரியோடு, வாயுவின் அழுத்தம், கன அளவு, வெப்பநிலையை இணைக்கும் ஒரு நல்ல நிலைச் சமன்பாட்டை. இதைக் கணக்கிடும் மென்பொருளான சிமுலேட்டரில் ஹைட்ரேட்டையும் பனிக்கட்டியையும் சேர்த்திருக்கிறீர்களா என்று மட்டும் முதலில் பாருங்கள். சேர்க்காவிட்டால் அது பேசாமல் திரவ நீருக்கான விடையைத் தந்துவிடும்.