காசு கொடுத்து மென்பொருள் வாங்காமல் செயலி செய்வது எப்படி? கேள்வி பதில்

செயலி உருவாக்கம் பற்றி வந்த கேள்விகளில் பணம் தொடர்பானவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, ஆண்ட்ராய்டு செயலி செய்யும் மென்பொருளுக்கு லைசென்ஸ் வேண்டும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். குறைந்த விலைக்கு கிராக் செய்து தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ இலவசம். கூகுள் அதை 2013இல் அறிவித்து, 2014 டிசம்பரில் 1.0 பதிப்பை வெளியிட்டது. அன்றிலிருந்து இன்றுவரை அதற்குக் கட்டணம் இல்லை. செயலியை எழுதும் கோட்லின் நிரல் மொழியும் இலவசம்தான். சும்மா கிடைப்பதை ஒருவர் கிராக் செய்து விற்கிறார் என்றால் உள்ளே என்ன சேர்த்திருக்கிறார் என்று யோசியுங்கள். செயலி உங்களுடையதுதான் என்று காட்டும் கையொப்பச் சாவிக் கோப்பும் அதே கணினியில்தான் இருக்கப்போகிறது. கூகுளின் தளத்திலிருந்து நேராக இறக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சார், கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். லேப்டாப்பில் 4 ஜிபி ராம்தான். ஸ்டுடியோவைத் திறந்தாலே ஹேங் ஆகிறது. வீட்டில் புது லேப்டாப் கேட்கத் தயக்கமாக இருக்கிறது.

பதில்: கேட்க வேண்டாம் தம்பி, இப்போதைக்குச் சமாளிக்கலாம். ஸ்டுடியோவுக்கே குறைந்தது 8 ஜிபி, எமுலேட்டரும் (கணினித் திரையில் ஓடும் போலி போன்) சேர்ந்தால் 16 ஜிபி என்று கூகுளே சொல்கிறது. ஆகவே உங்கள் லேப்டாப்பில் அந்த இரண்டும் வேண்டாம்.

ஸ்டுடியோ என்பது எழுதுவதற்கு வசதியான ஒரு மேசை மட்டுமே. செயலியை உண்மையில் கட்டுவது அதன் பின்னால் இருக்கும் எஸ்டிகே என்ற கருவித் தொகுப்பும், நிரலைச் செயலியாகக் கட்டித் தரும் கிரேடிலும். கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் கட்டளை வரிக் கருவிகளை மட்டும் தனியாக இறக்கிக்கொள்ளலாம். நிரல் எழுத விஎஸ் கோட் என்ற எடிட்டர் போதும். கிரேடில் எவ்வளவு நினைவகம் எடுக்கலாம் என்பதை அதன் ப்ராப்பர்ட்டீஸ் கோப்பில் குறைத்து வைக்கலாம். பில்ட், அதாவது செயலி கட்டும் வேலை, நடக்கும்போது பிரௌசரை மூடிவிடுங்கள். முதல் பில்ட் இணையத்திலிருந்து நிறைய இறக்கும், பொறுமை வேண்டும். அப்புறம் ஆஃப்லைன் என்ற விருப்பத்தோடு ஓட்டினால் டேட்டாவும் மிச்சம்.

எமுலேட்டருக்குப் பதில் கையில் இருக்கும் போனையே பயன்படுத்துங்கள். செட்டிங்ஸில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யுஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, கேபிளை மாட்டினால் செயலி நேரே போனுக்குப் போய்விடும். நல்ல லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். எமுலேட்டரில் வழுக்கிக்கொண்டு ஓடும் செயலி பழைய போனில் திணறும். நம் ஊரில் பலர் கையில் இருப்பது அந்தப் பழைய போன்தான்.

கேள்வி: அரசுப் பள்ளி ஆசிரியை நான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்ய எளிய வழி உண்டா?

பதில்: எம்ஐடி ஆப் இன்வென்டர், டீச்சர். 2010இல் கூகுளில் தொடங்கி, பிறகு எம்ஐடி பல்கலைக்கழகத்துக்குப் போனது. பிரௌசரிலேயே கட்டங்களைப் பொருத்திச் செயலி செய்யலாம். போனில் அதன் கம்பேனியன் செயலியைப் போட்டால், திரையில் மாற்றுவது உடனே போனில் தெரியும். பிள்ளைகள் கண்ணில் தெரியும் அந்த மலர்ச்சிக்காகவே இதைப் பரிந்துரைக்கிறேன். இணைய இணைப்பு மட்டும் தேவை.

கேள்வி: ஐபோனுக்கும் செய்ய வேண்டும். மேக் வாங்கியே தீர வேண்டுமா?

பதில்: ஐபோனில்தான் செலவு வரும். ஐபோன் செயலி கட்டும் எக்ஸ்கோட் இலவசம், ஆனால் மேக்கில் மட்டுமே ஓடும். காசு கட்டாத ஆப்பிள் கணக்கில் சொந்த போனில் போட்டுப் பார்க்கலாம், ஏழு நாளில் காலாவதியாகிவிடும். ஆப் ஸ்டோரில் வெளியிட ஆண்டுக்கு 99 டாலர். என் யோசனை: ஒரே நிரலை இரண்டு வகை போனுக்கும் கட்டித் தரும் ஃப்ளட்டரில் எழுதி முதலில் ஆண்ட்ராய்டில் வெளியிடுங்கள். பயனர்கள் சேர்ந்த பிறகு அதே நிரலை, நண்பரின் மேக்கிலோ வாடகை மேக்கிலோ ஐபோனுக்குக் கட்டிக்கொள்ளலாம். வெறும் தகவல் காட்டும் செயலி என்றால், முகப்புத் திரையில் சேர்க்கக்கூடிய இணையச் செயலியே போதும். அதற்கு எந்த ஸ்டோரும் தேவையில்லை.

கேள்வி: ப்ளே ஸ்டோருக்கு எவ்வளவு ஆகும்?

பதில்: ஒரே ஒரு முறை 25 டாலர். ஆனால் 2023 நவம்பர் 13க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், வெளியிடும் முன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருக்க வேண்டும். அந்த 12 பேரைக் காசுக்குத் தருகிறோம் என்று விளம்பரங்கள் வருகின்றன. அதற்குப் பணம் கொடுக்காதீர்கள். உறவினர்கள், வகுப்புத் தோழர்கள் போதும். அவர்கள் உண்மையாகவே குறை சொல்வார்கள், அது உங்களுக்கு வேண்டும். மூல நிரலைத் திறந்து வைக்கத் தயார் என்றால் திறந்த மூலச் செயலிகளுக்கான எஃப்-டிராய்டு ஸ்டோரில் கட்டணமே இல்லை.

கேள்வி: சர்வர் வாடகை?

பதில்: கடைக் கணக்கு, குறிப்பேடு மாதிரியான செயலிக்கு சர்வரே வேண்டாம். போனுக்குள் இருக்கும் எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளம் போதும்.

கேள்வி: லேப்டாப்பை ஃபார்மட் செய்தபோது கையொப்பச் சாவி இருக்கும் கீஸ்டோர் கோப்பு போய்விட்டது. இனி அப்டேட் தர முடியாதா?

பதில்: ப்ளே ஸ்டோரில் ஏஏபி (ஸ்டோருக்கு ஏற்றும் வடிவம்) கோப்பாக ஏற்றியிருந்தால் பயப்படாதீர்கள். இறுதிக் கையொப்பச் சாவி கூகுளிடம் இருக்கும், உங்களிடம் இருந்தது ஏற்றுவதற்கான சாவி. ப்ளே கன்சோலில் விண்ணப்பித்து அதை மாற்றிக்கொள்ளலாம். ஏபிகேயை (போனில் நேரே நிறுவும் கோப்பு) வாட்ஸ்அப்பில் நேரடியாகக் கொடுத்திருந்தால்தான் சிக்கல். புதுச் சாவியில் கட்டியதைப் பழையதன் மேல் போன் ஏற்காது. எல்லாரும் நீக்கிவிட்டு மறுபடி போட வேண்டும், செயலிக்குள் சேமித்த தரவும் போய்விடும். நீக்குவதற்கு முன் தரவை எப்படி வெளியே எடுப்பது என்று அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். புதுச் சாவியை இந்த முறை ஒரு பென்டிரைவிலும் போட்டு, பாஸ்வேர்டைத் தாளில் எழுதி வையுங்கள்.