ரயில் சாப்பாடு: மாறிய மெனு, மாறாத விலை

தொலைதூர ரயில்களில் கிடைக்கும் சாப்பாட்டைப் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

டெல்லி ரயிலில் முன்பு 80 ரூபாய்க்கு வெஜ் சாப்பாடு வாங்கினோம். இப்போது அது கிடையாது, தாலி 150 ரூபாய் என்கிறார்கள். விலையை ஏற்றிவிட்டார்களா, மெனுவை மாற்றிவிட்டார்களா?
வாசகர், கும்பகோணம்

விலை ஏறவில்லை. மெயில், எக்ஸ்பிரஸ் ரயில்களில் 2019 இறுதியில் ரயில்வே வாரியம் நிர்ணயித்த கட்டணம்தான். ரயிலுக்குள் வெஜ் சாப்பாடு 80 ரூபாய், முட்டைக் குழம்போடு 90, சிக்கன் குழம்போடு 130. ஸ்டேஷன் ஸ்டாலில் வாங்கினால் இவை ஒவ்வொன்றும் பத்து ரூபாய் குறைவு. ரயிலில் காலை டிபன் வெஜ் 40, அசைவம் 50. பிரியாணி வெஜ் 80, முட்டை 90, சிக்கன் 110. ஜி.எஸ்.டி.யும் இதிலேயே அடக்கம். தனியாக வரி என்று யாராவது கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

அந்த 80 ரூபாய்க்கு என்ன வர வேண்டும் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. சாதம் 150 கிராம், சப்பாத்தி நான்கு அல்லது பராத்தா இரண்டு (100 கிராம்), கெட்டியான பருப்பு அல்லது சாம்பார் 150 கிராம், காய்கறி 100 கிராம், தயிர் 80 கிராம், 12 கிராம் ஊறுகாய் பாக்கெட். தயிரும் ஊறுகாயும்தான் அடிக்கடி காணாமல் போகும். எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

மாறியது வேறொன்று. 2022 நவம்பரில் ரயில்வே வாரியம் மெனுவைத் தீர்மானிக்கும் பொறுப்பை ஐ.ஆர்.சி.டி.சி.யிடம் (ரயில்வேயின் கேட்டரிங், சுற்றுலா நிறுவனம்) விட்டது. வட்டார உணவு, பண்டிகைப் பலகாரம், சிறுதானியம், சர்க்கரை நோயாளிகளுக்கான உணவு, குழந்தை உணவு என எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்றது. ஆனால் அந்த உத்தரவு உணவை மூன்று வகையாகப் பிரித்தது. ஜனதா சாப்பாட்டின் (மிக மலிவான பூரிப் பொட்டலம்) மெனுவும் விலையும் மாறக் கூடாது. மேலே சொன்ன 80 ரூபாய் வகையான ஸ்டாண்டர்டு சாப்பாடு, டிபன் இரண்டிலும் மெனுவை மாற்றலாம், விலையை மாற்றக் கூடாது. இவற்றுக்கு வெளியே தனித்தனியாக விற்கும் அ-லா-கார்ட் வகைகளுக்கு மட்டும் மெனுவையும் விலையையும் ஐ.ஆர்.சி.டி.சி.யே வைத்துக்கொள்ளலாம். உங்களிடம் 150 ரூபாய்க்கு நீட்டப்பட்ட தாலி இந்த மூன்றாவது வகையாக இருக்கலாம். அதை விற்பதில் தவறில்லை. 80 ரூபாய் சாப்பாடே கிடையாது என்று சொல்வதுதான் தவறு. நான்கு பேர் போகும் குடும்பத்துக்கு ஒரு வேளைக்கு 280 ரூபாய் வித்தியாசம். இரண்டு இரவுப் பயணத்தில் இது சின்னத் தொகை அல்ல. இந்த அநியாயத்தைப் பயணிகள் பேசாமல் ஏற்றுக்கொள்ளக் கூடாது.

ஆர்டர் எடுக்க வருபவரிடம் வெறுமனே 'சாப்பாடு' என்றோ 'தாலி' என்றோ கேட்காதீர்கள். 'ஸ்டாண்டர்டு வெஜ் மீல், எண்பது ரூபாய்' என்று பெயரையும் விலையையும் சேர்த்தே சொல்லுங்கள். தட்டுகளை அடுக்கிக்கொண்டு வரும்போது கேட்டால் கையில் இருப்பதைத்தான் தள்ளிவிடுவார்கள். அதனால் மதியத்துக்குக் காலையிலேயே, இரவுக்கு மாலை டீ வரும்போதே சொல்லிவிட வேண்டும். மெனு கார்டைக் கேளுங்கள், க்யூ.ஆர். கோடு ஒட்டியிருந்தால் ஸ்கேன் செய்து விலையைக் காட்டுங்கள். பில் தராவிட்டால் பணம் தர வேண்டியதில்லை என்பது ரயில்வேயே அறிவித்த விதி.

பேன்ட்ரி கார் (சமையல் பெட்டி) இருக்கிறது, சாப்பாடு மட்டும் ஏன் ஆறிப்போய் வருகிறது? உள்ளேயே சமைப்பதை நிறுத்திவிட்டார்களா?
வாசகி, திருநெல்வேலி

பெரும்பாலும் ஆம். காரணம் இரண்டு.

ஒன்று, நெருப்பு. ஐ.சி.எஃப். என்ற பழைய வகைப் பேன்ட்ரி கார்களில் எல்.பி.ஜி. அடுப்பு எரிந்தது. ஓடும் வண்டியில் கொதிக்கும் எண்ணெயும் சிலிண்டரும் ஒரே பெட்டியில் இருப்பது எப்போதுமே ஆபத்து. அதனால் எல்.எச்.பி. என்ற புதிய வகைப் பெட்டிகள் வந்தபோது பேன்ட்ரியும் மின்சாரத்துக்கு மாறியது. ஹாட் கேஸ் (சூடு காக்கும் பெட்டி), கொதிகலன், பாட்டில் கூலர், ஃப்ரீசர் என்று அதன் அமைப்பே சூடாக வைப்பதற்கும் பரிமாறுவதற்கும் ஏற்றபடிதான் இருக்கிறது. நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சோறு வடிக்கும் இடமல்ல அது.

இரண்டாவது, 2017 பிப்ரவரியில் வந்த கேட்டரிங் கொள்கை. சமைப்பவர் வேறு, பரிமாறுபவர் வேறு என்று அது பிரித்தது. ஊர்களில் உள்ள பேஸ் கிச்சன்களில் சமைத்து, பொட்டலமாக்கி, வழியில் ரயிலில் ஏற்ற வேண்டும். நல்ல ஏற்பாடுதான். நிலத்தில் இருக்கும் சமையலறையில் கேமரா வைக்கலாம், தண்ணீரைச் சோதிக்கலாம், உணவுப் பாதுகாப்பு அதிகாரி உள்ளே வந்து பார்க்கலாம். ஓடும் பெட்டியில் இதெல்லாம் நடக்காது. பழையபடி ரயிலிலேயே சமைக்க வேண்டும் என்று கேட்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கோளாறு நடப்பது கிச்சனுக்கும் உங்கள் சீட்டுக்கும் நடுவில். ஆவி பறக்கும் சாதத்தை அலுமினியத் தட்டில் போட்டு உடனே மூடினால், ஆவி மூடியின் உட்புறத்தில் நீராகப் படிந்து சொட்டும். அது சப்பாத்தி மேல் விழுந்தால் ஓரம் தோல் போலவும் நடு மாவு போலவும் ஆகிவிடும். சப்பாத்தியைத் தனித் தாளில் சுற்றி வைக்கும் கிச்சன்கள் இதைத் தவிர்க்கின்றன. ரயில் இரண்டு மணி நேரம் தாமதமானால் பிளாட்பாரத்தில் காத்திருக்கும் பெட்டிகளின் சூடு இறங்கும். சூடான உணவு 60 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதற்குக் கீழே கிருமிகள் பெருகத் தொடங்கும். ஹாட் கேஸ் சூட்டைக் காக்குமே தவிர, ஆறிப்போன தட்டை உள்ளே வைத்தால் வேகமாகச் சூடேற்றாது.

இதில் சாதம்தான் அதிகக் கவனம் வேண்டியது. பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் சோறு கொதிக்கும்போதும் சாவதில்லை. வெதுவெதுப்பில் மணிக்கணக்கில் கிடந்தால் முளைத்து நச்சை உண்டாக்கும். வாந்தியை வரவழைக்கும் அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. அதனால் பருக்கை பிசுபிசுத்தாலோ, புளித்த வாடை வந்தாலோ, சாம்பாரை ஊற்றிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். தட்டை மூடி ஓரமாக வையுங்கள்.

வாங்கும்போது தட்டின் அடியைத் தொட்டுப் பாருங்கள். கையில் சூடு தெரிய வேண்டும். மூடியில் எந்தக் கிச்சன், எப்போது பொட்டலமிட்டது என்ற விவரத்துக்கு ஸ்டிக்கரும் க்யூ.ஆர். கோடும் இருக்க வேண்டும். தயிர்க் கப்பின் மேல்தாள் உப்பியிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தேங்காய்ச் சட்னி எல்லாவற்றுக்கும் முன்னால் கெடும், கோடையில் அதை முதலில் முகர்ந்து பாருங்கள்.

சென்னையில் ஏறும்போது இட்லி, பொங்கல் எல்லாம் இருக்கிறது. நாக்பூர் தாண்டினால் பிரெட் கட்லெட்தான். தமிழ்நாட்டு ரயிலில் ஏன் இப்படி?
வாசகர், சேலம்

வண்டி எந்த ஊருடையது என்பதைவிட, சாப்பாடு எந்த ஊரில் ஏறியது என்பதுதான் மெனுவைத் தீர்மானிக்கும். சென்னை-டெல்லி தடத்தில் விஜயவாடா, நாக்பூர், போபால் என்று போகப் போக அந்தந்தப் பக்கத்துச் சமையல்தான் வரும். 40 ரூபாய் வெஜ் டிபனில் பிரெட்-வெண்ணெய்-கட்லெட், இட்லி-வடை, உப்புமா-வடை, பொங்கல்-வடை எல்லாமே அனுமதிக்கப்பட்ட வகைகள். எது கிடைக்கிறதோ அதைக் கொடுக்கலாம். கன்னியாகுமரியிலிருந்து திப்ரூகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் 4,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அவ்வளவு தூரமும் சாம்பார் கேட்பது நடக்காது. இரண்டாம் நாளுக்கு வீட்டிலிருந்து புளிசாதமும் எள்ளுப்பொடி இட்லியும் கட்டிக்கொண்டு போவது இன்றைக்கும் சரியான யோசனை. சுட்டவுடன் இட்லியைப் பொட்டலம் கட்டாமல், நன்றாக ஆறிய பிறகு நல்லெண்ணெய்ப் பொடி தடவிக் கட்டுங்கள்.

வந்தே பாரத்தில் டிக்கெட் எடுக்கும்போது சாப்பாடு வேண்டாம் என்று போட்டுவிட்டேன். வண்டியில் பசித்தால் வாங்க முடியுமா?
வாசகி, கோயம்புத்தூர்

முடியும், கையிருப்பு இருந்தால். சாப்பாட்டை முன்பதிவு செய்யாதவர்களுக்கும் சமைத்த உணவு இருந்தால் கொடுக்கலாம் என்று 2025 பிப்ரவரியில் ரயில்வே வாரியம் சொன்னது. ஆனால் டிபன், மதியச் சாப்பாடு, இரவுச் சாப்பாடு ஒவ்வொன்றுக்கும் முன்பதிவு விலைக்கு மேல் 50 ரூபாய் கூடுதலாகும் என்பது 2022 ஜூலை முதல் உள்ள விதி. டீ, காபிக்கு இந்தக் கூடுதல் கிடையாது. வேளை நேரத்தில் பயணம் செய்தால் டிக்கெட்டோடு சேர்த்தே எடுத்துவிடுவது லாபம்.

அம்மாவுக்குச் சர்க்கரை நோய். ரயிலில் அவருக்கேற்ற சாப்பாடு உண்டா?
வாசகர், திருச்சி

ராஜதானி, சதாப்தி, வந்தே பாரத் போன்ற, கட்டணத்திலேயே உணவு சேரும் ரயில்களில் டிக்கெட் எடுக்கும்போதே 'டயபெடிக்' என்ற தேர்வு இருக்கும். சாதாரண எக்ஸ்பிரஸில் அதை நம்பிப் போகாதீர்கள். ஸ்டாண்டர்டு சாப்பாட்டில் சாதத்தை விட்டுச் சப்பாத்தி, பருப்பு, காய், தயிர் எடுத்துக்கொள்ளலாம். வண்டி தாமதமானால் வேளை தவறும் என்பதுதான் இன்சுலின், மாத்திரை எடுப்பவர்களுக்குப் பெரிய சிக்கல். சுண்டல், வேர்க்கடலை, பிஸ்கட்டோடு, சர்க்கரை இறங்கினால் உடனே கொடுக்கக் குளுக்கோஸும் கைப்பையில் இருக்கட்டும்.

பேன்ட்ரி இல்லாத ரயிலில் நல்ல சாப்பாடு வரவழைப்பது எப்படி?
வாசகி, மதுரை

ஐ.ஆர்.சி.டி.சி.யின் இ-கேட்டரிங்தான் வழி. அதன் தளத்திலோ செயலியிலோ பி.என்.ஆர். எண்ணைப் போட்டால், போகும் வழியில் எந்தெந்த ஸ்டேஷனில் எந்த உணவகம் இருக்கிறது என்று காட்டும். 1323 என்ற எண்ணிலும் அழைக்கலாம். ஸ்டேஷனைத் தேர்வு செய்வதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இரண்டு நிமிடம் மட்டும் நிற்கும் ஊரை எடுத்தால், டெலிவரி ஆள் உங்கள் பெட்டியை எட்டுவதற்குள் வண்டி கிளம்பிவிடும். பத்து நிமிடமாவது நிற்கும் பெரிய ஜங்ஷனாகப் பாருங்கள். வண்டி தாமதமாக ஓடினால் உணவகத்துக்கே ஒரு போன் செய்துவிடுங்கள். பெட்டியும் சீட்டும் சார்ட் போட்ட பிறகு மாறியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். விலை அந்தந்த உணவகத்தினுடையது, ரயில்வே கட்டணத்தோடு ஒப்பிட முடியாது.

முன்பதிவில்லாப் பெட்டியில் போகிறவர்களுக்கு என்ன இருக்கிறது? எங்களிடம் யாரும் ஆர்டர் எடுக்க வருவதே இல்லை.
வாசகர், விழுப்புரம்

நியாயமான கேள்வி. மெனு மாற்றம் என்று பேசும்போதெல்லாம் குளிர்சாதனப் பெட்டிகளைப் பற்றியே பேசுகிறார்கள். உங்களுக்காக 2023இல் ஸ்டேஷன்களில் தனி கவுன்ட்டர்கள் வந்தன, 2024 ஏப்ரலில் மேலும் பல ஸ்டேஷன்களுக்கு விரிந்தன. பொதுப் பெட்டிகள் வந்து நிற்கும் இடத்துக்கு நேராக, பிளாட்பாரத்திலேயே இவை இருக்க வேண்டும். பூரி ஏழு, உருளைக்கிழங்கு மசாலா, ஊறுகாய் சேர்ந்தது 20 ரூபாய். 350 கிராம் எடையுள்ள சிற்றுணவு 50 ரூபாய், தென்னிந்திய சாதம், பொங்கல், ராஜ்மா சாதம், மசால் தோசை போன்றவற்றில் ஏதாவது ஒன்று. 200 மில்லி தண்ணீர்க் குவளை 3 ரூபாய். எல்லா ஸ்டேஷன்களிலும் இது இல்லை என்பதுதான் குறை. நெரிசலில் இறங்கி ஏற முடியாதவர்களுக்கு ஜன்னல் அருகிலேயே கொண்டுவந்து விற்றால்தான் திட்டத்துக்கு அர்த்தம்.

மேசை போட்டு உட்கார்ந்து சாப்பிடும் டைனிங் கார் இந்தியாவில் இன்னும் இருக்கிறதா?
வாசகர், புதுச்சேரி

இருக்கிறது. 1930 ஜூன் 1 முதல் ஓடும் மும்பை-புனே டெக்கான் குயின். 2022இல் எல்.எச்.பி. பெட்டிகளுக்கு மாறியபோதும் டைனிங் காரை விடவில்லை. சீஸ் டோஸ்ட், ஆம்லெட், ஜவ்வரிசி வடை அதன் பழைய அடையாளங்கள்.

ஒரு லிட்டர் ரயில் நீர் என்ன விலை? இன்னும் 15, 20 என்றே கேட்கிறார்கள்.
வாசகி, ஈரோடு

14 ரூபாய். அரை லிட்டர் 9 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் இந்த விலை. குளிர வைத்ததற்குத் தனிக் காசு கிடையாது.

கெட்டுப்போன சாப்பாடு வந்தால் யாரிடம் சொல்வது? சொன்னால் ஏதாவது நடக்குமா?
வாசகர், நாகர்கோவில்

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே சொன்னால் நடக்கும். வீட்டுக்குப் போய் எழுதினால் ஆதாரம் இருக்காது. முதலில் தட்டை வீசாமல் மூடியோடு வைத்துக்கொள்ளுங்கள். மூடியின் ஸ்டிக்கர், உணவு, பில் மூன்றையும் தனித்தனியாகப் படமெடுங்கள். ஸ்டிக்கர் இருந்தால்தான் தவறு கிச்சனிலா, ரயிலில் வைத்திருந்த விதத்திலா என்று கண்டுபிடிக்க முடியும். பிறகு ரயில்வே உதவி எண் 139க்கு அழைத்தோ, ரயில்வேயின் புகார் செயலியான ரயில் மதத்திலோ பி.என்.ஆர்., பெட்டி எண், சீட் எண்ணோடு புகார் கொடுத்து, அதன் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பேன்ட்ரி மேலாளர் வந்து வேறு தட்டு தருகிறேன், புகாரை முடித்துவிடுங்கள் என்று கேட்பார். மாற்றுத் தட்டை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் புகார் முடிந்துவிட்டதாக ஒப்புக்கொள்ளாதீர்கள். அதே கிச்சனிலிருந்து ஏறிய மற்ற தட்டுகள் வேறு பெட்டிகளிலும் போயிருக்கும். பக்கத்து சீட்டுக்காரர்களிடமும் சொல்லி, அவர்களும் தனித்தனியாகப் பதிவு செய்யட்டும். யாருக்காவது வாந்தி, வயிற்றுப்போக்கு தொடங்கியிருந்தால் அதே 139இல் அடுத்த பெரிய ஸ்டேஷனுக்கு மருத்துவரை வரச் சொல்லலாம். அதுவரை ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரை) கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள்.