சொதியும் அல்வாவும் டயாலிசிஸும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அம்மாவுக்கு வாரம் 2 நாள் டயாலிசிஸ். வாழைப்பழம், இளநீரைக் கண்ணில் காட்டுவதில்லை. காயை வேகவைத்து வடித்துத்தான் சமைக்கிறேன். ஆனாலும் பொட்டாசியம் 6.2. எங்கே தப்பு?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: 6.2 என்றால் இன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். கால் துவண்டாலோ நெஞ்சு படபடத்தாலோ அடுத்த டயாலிசிஸ் நாள் வரை காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி.

இனி அடுப்படி. குக்கரில் அரை டம்ளர் தண்ணீர் விட்டு 2 விசில் வைத்தால் பொட்டாசியம் இறங்க இடமில்லை. தோல் சீவி, சுண்டுவிரல் தடிமனுக்கும் குறைவாக நறுக்கி, காய் நீந்துகிற அளவு தண்ணீரில் கொதிக்கவிட்டுக் கொட்டுங்கள். பிறகு புதுத் தண்ணீரில் வேகவைத்து, அதையும் வடித்துவிடுங்கள். உருளைக்கிழங்கைச் சிறு துண்டாக்கி அவித்தால் ஏறத்தாழ பாதி இறங்கிவிடும். முழுசாக அவித்தால் அந்தப் பலன் இல்லை. சும்மா ஊறவைப்பதும் அவ்வளவாக எடுக்காது. வடித்த தண்ணீரை, 'சத்து வீணாகுதே' என்று ரசத்தில் ஊற்றுகிற வீடுகள் உண்டு. அந்தச் 'சத்தை'த்தானே வெளியேற்றப் பாடுபட்டோம்!

அடுத்தது சொதி, அதாவது நம்மூர்த் தேங்காய்ப்பால் குழம்பு. காயை வடிக்கலாம், தேங்காய்ப்பாலை என்ன செய்ய? கெட்டிப்பால் 100 மில்லியில் 200 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் உண்டு. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு ஒரு நாள் முழுவதற்குமே பெரும்பாலும் 2,000 முதல் 2,500 மில்லிகிராம்தான் சொல்வார்கள். ஆசைக்கு என்றைக்காவது ஒரு சின்னக் கரண்டி, உருளைக்கிழங்கு இல்லாமல். கருப்பட்டிக் காப்பியும் பனங்கிழங்கும் வேண்டாம். சுரை, புடலை, பீர்க்கு, கோவைக்காய் தோதானவை.

முக்கியமாக, உப்புப் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். 'சோடியம் குறைந்தது' என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். பிரஷருக்கு நல்லது என்று வாங்கியிருந்தால், சந்தேகத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.

கேள்வி: தண்ணீர் 1 லிட்டர்தான் குடிக்கிறேன். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே எடை 3.5 கிலோ ஏறுகிறதே?
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: காப்பி, மோர், ரசம், கஞ்சி, பழையதில் ஊற்றிய நீராகாரம் எல்லாம் தண்ணீர்க் கணக்கில் வந்தாக வேண்டும். முந்தின நாள் போன சிறுநீரோடு 500 மில்லி சேர்த்ததே ஒரு நாளைக்குக் குடிக்கப் பொதுவான அளவு. 300 மில்லி போனால் 800. காலையில் அந்த அளவை ஒரு பாட்டிலில் நிரப்புங்கள். ஒரு டம்ளர் காப்பி குடித்தால் அதே டம்ளர் அளவு பாட்டிலிலிருந்து கொட்டிவிடுங்கள். சாயங்காலம் மிச்சம் எவ்வளவு என்பது கண்ணுக்கே தெரியும்.

உப்பைக் குறைக்காமல் தாகத்தோடு மல்லுக்கட்ட முடியாது. ஒரு நாளைக்குத் தலைதட்டிய ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராம்தான் உச்சம். மோர் மிளகாய், அப்பளம், கருவாடு, நார்த்தங்காய் ஊறுகாய் ஆகியவற்றின் உப்பும் அதற்குள் அடக்கம்.

கேள்வி: அல்வா?
- வாசகர், திருநெல்வேலி டவுன்

பதில்: கோதுமைப்பால், சீனி, நெய். பொட்டாசியம் குறைவுதான். சர்க்கரை வியாதி இல்லையென்றால் 50 கிராம் போல சாப்பிடலாம், முந்திரியை ஒதுக்கிவிட்டு.