வயலை ஈடு வைக்க வேண்டாம், பிள்ளை பௌதிகம் படிக்கட்டும்

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தாய் மகளையும் கூட்டிக்கொண்டு என்னிடம் யோசனை கேட்க வந்திருந்தார். மகள் கணிதப் பிரிவில் உயர்தரம் எழுதி, பெறுபேறும் வந்துவிட்டது. பொறியியல் பீடத்துக்கு இசட் புள்ளி காணாது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்துக்குக் காணும். பிள்ளைக்கும் அதுதான் விருப்பம். குவாண்டம் மறைகுறியியலில் பாதுகாப்பு ஆராய்ச்சி செய்ய வேண்டுமாம். கனடாவிலிருக்கிற சித்தப்பாவோ, "பௌதிகம் படிச்சு ரியூசன் குடுக்கப் போறியோ? கொழும்பில தனியார் கம்பஸில சைபர் செக்கியூரிட்டி படி" என்கிறார். பாதிக் காசு அவர் அனுப்புவாராம். மிச்சத்துக்கு முத்தையன்கட்டுக் குளத்தின் கீழுள்ள வயலை ஈடு வைப்பதா என்று தாய்க்கு நித்திரையில்லை.

யோசிக்காதீங்கோ அம்மா, எல்லாம் சரிவரும் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் ஈடு வைத்த காணியை மீட்க முடியாமல் போன குடும்பங்கள் வன்னியில் குறைவில்லை. ஆகவே நேரே சொல்கிறேன், அந்தக் கோர்ஸ் வேண்டாம். கெட்ட படிப்பு என்பதால் அல்ல. வலையமைப்பைக் காவல் காக்கிற வேலைக்கு அது உதவும். உங்கள் பிள்ளை கேட்பது அந்த வேலையை அல்லவே. அவள் கேட்கிற இடத்துக்கு வாசல் பௌதிகமும் கணிதமும்தான், அதுவும் இலவசமாகக் கிடைக்கிறது.

சித்தப்பாவுக்கு விளங்கப்படுத்த வேண்டுமென்றால் இப்படிச் சொல்லுங்கள். வங்கியும் இணையமும் இன்று நம்பியிருக்கிற பூட்டுகளில் பெரும்பாலானவை, பெரிய எண்களைக் காரணிப்படுத்துவது போன்ற சில கணக்குகள் கடினம் என்பதில் நிற்கின்றன. அணு, ஒளித்துகள் போன்றவற்றின் விதிகளை வைத்துக் கணக்குப் போடுகிற குவாண்டம் கணினி போதிய அளவு பெரிதாக ஒன்று வந்தால் அந்தக் கணக்குகள் இலகுவாகிவிடும் என்று 1994இல் பீட்டர் ஷோர் என்ற கணிதவியலாளர் காட்டினார். அதற்கு முன்பே, 1984இல், பெனட், பிரசார்ட் என்ற இருவர் வேறொரு வழி சொல்லியிருந்தார்கள், அதுதான் பிள்ளை கேட்கிற குவாண்டம் மறைகுறியியல். இரகசியச் சாவியை ஒற்றை ஒளித்துகள்களில் அனுப்புவது. இடையில் யாராவது அளந்து பார்த்தால் துகளின் நிலை குழம்பி, ஆள் பிடிபடும்.

பிள்ளை தன் கொப்பியைக் காட்டினாள். தானும் தம்பியும் நாணயம் சுண்டி அந்த முறையை விளையாடிப் பார்த்திருக்கிறார்கள். தம்பிதான் கள்ளன். துகளை எந்தத் திசையில் அளக்க வேண்டுமென்று அவனுக்குத் தெரியாது, ஆகவே பாதித் தடவை பிழையான திசையில் அளப்பான், அதிலும் பாதி பிழையாகப் போய்ச் சேரும், ஆக நாலில் ஒன்று பிழையாகும் என்று பென்சிலால் கட்டம் போட்டுக் கணக்கு முடித்திருந்தாள். விடை சரி. ரியூசன் நோட்ஸில் இது கிடையாது. வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

சரி, பாதுகாப்பு விஞ்ஞானிக்கு அங்கே என்ன வேலை? முறை தாளில் பிழையற்றது, கருவி அப்படியல்ல. 2010இல் நோர்வேயில் ஒரு குழு, விற்பனையில் இருந்த கருவிகளின் உணரிகளுக்குள் பலத்த லேசர் ஒளியைப் பாய்ச்சி அவற்றைக் குருடாக்கி, சாவியை முழுதாக எடுத்தது. ஒருவருக்கும் தெரியவரவில்லை. இப்படி ஓட்டை தேடுவதும், கண்டதை உற்பத்தியாளருக்கு அறிவித்து அடைப்பதும், அடைத்தது போதுமா என்று கணிதத்தால் நிறுவுவதும்தான் தொழில். தூரமும் ஒரு தலையிடி. நல்ல ஒளியிழையில்கூட 100 கிலோமீற்றரில், அதாவது பரந்தனிலிருந்து வவுனியா தாண்டுகிற தூரத்தில், நூறு துகளுக்கு ஒன்றுதான் மிஞ்சும்.

பிள்ளைக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒளித்துகளை மட்டும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்காதே. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையான என்எஸ்ஏ அந்த வழியை அரசின் தேசியப் பாதுகாப்பு வலையமைப்புகளுக்குப் பரிந்துரைப்பதில்லை. குவாண்டம் கணினியாலும் உடைக்க முடியாது என்று நம்பப்படும் புதிய கணக்குப் பூட்டுகளையே அது விரும்புகிறது. அமெரிக்காவின் நியம நிறுவனமான நிஸ்ட், போட்டி வைத்துத் தெரிந்தெடுத்து, அப்படி மூன்று நியமங்களை 2024 ஓகஸ்டில் வெளியிட்டது. அவற்றுக்கும் உடைத்துப் பார்க்க ஆள் வேண்டும். அந்தத் தெரிவுப் போட்டியில் கடைசிச் சுற்றுவரை வந்திருந்த சைக் என்ற முறையை, 2022இல் பெல்ஜியத்தில் இருவர் சாதாரணக் கணினியில் ஒரு மணி நேரமளவில் உடைத்தார்கள். ஆயுதம் தூய கணிதம். ஆகவே பௌதிகத்தோடு நேரியல் அட்சரகணிதத்தையும் எண் கோட்பாட்டையும் விடாதே.

காசு விஷயத்தில் நான் கறார். நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்குக் கல்விக் கட்டணம் இல்லை, தகுதியிருந்தால் மகாபொல புலமைப்பரிசிலும் வரும். அதன் பிறகு கலாநிதிப் பட்டம் வெளிநாட்டில்தான். அமெரிக்காவில் பௌதிகத் துறைகள் கட்டணத்தைத் தள்ளி, கற்பித்தல் உதவியாளராக வைத்து மாதப்படியும் கொடுப்பது வழமை. ஐரோப்பாவில் பல நாடுகளில் கலாநிதி மாணவர் சம்பளத்துக்கு வேலை செய்பவர். சிங்கப்பூரிலும் கனடாவின் வாட்டர்லூவிலும் இதற்கென்றே ஆய்வு நிலையங்கள் இருக்கின்றன. யாராவது முகவர் வந்து, இந்தத் துறைக்குச் சொந்தக் காசில் வெளிநாட்டு முதுமாணி படிக்கலாம் என்றால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். உங்களுக்கு வரப்போகிற செலவு ஆங்கிலப் பரீட்சை, விண்ணப்பக் கட்டணம், பயணம். சித்தப்பாவுக்கு உதவ மனமிருந்தால் அந்த நேரம் அனுப்பட்டும்.

கஷ்டத்தையும் மறைக்கக் கூடாது. பிள்ளை கலாநிதியாகி வர முப்பது வயதாகும். கலியாணப் பேச்சு எடுக்கிற மாமிமாருக்கு இப்போதே சொல்லி வையுங்கள். கிளிநொச்சியில் இருந்துகொண்டு செய்கிற வேலையும் அல்ல. நடுவில் மனம் மாறினால், பௌதிகப் பட்டதாரிக்கு ஆசிரியத் தொழிலும் மென்பொருள் நிறுவனங்களும் இருக்கின்றன, கடன் மட்டும் இருக்காது.

விஞ்ஞான பீடத்தில் விரிவுரைகள் ஆங்கிலத்தில்தான். தமிழில் உயர்தரம் எழுதிய பிள்ளைகள் முதல் வருடம் இதிலேதான் இடறுகிறார்கள். கம்பஸ் தொடங்க மாதக்கணக்கில் இருக்கிறது. அந்தக் காலத்தில் பௌதிகப் பாடத்தை ஆங்கிலப் புத்தகத்தில் மறுபடி படிக்கட்டும். பைத்தன் என்ற நிரல்மொழியைப் பழகட்டும், குவாண்டம் கணக்குகளை எழுதிப் பார்க்கிற ஐபிஎம்மின் கிஸ்கிட் மென்பொருள் இலவசம். குவாண்டம் சான்றிதழ் என்று யாராவது காசு கேட்டால் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.